உன் காற்சட்டைப் பையில் இருந்த நாலு கறுத்த ஆணி

தம்பி,

கலியாணத்தன்று விடிய, பட்டுவேட்டியோடு கண்ணாடிக்கு முன்னால் நின்ற உன்னை, வந்திருந்த உறவுக்காரர் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரித் திட்டினேனே, அந்தத் திட்டு முழுக்கப் பிழை. "முடி வெட்டப் போறன்" என்று முதல்நாள் பின்னேரம் வெளிக்கிட்டவன் இரண்டு மணித்தியாலம் கழித்து அதே தலையோடு திரும்பி வந்தால் தாய்க்குக் கோபம் வராதா? காதை மூடுகிற முடிக்கு மேலே தலைப்பாகை கட்டப் போகிறாயா, எங்கே ஊர் சுற்றிவிட்டு வந்தாய், பொறுப்பு மருந்துக்கும் இல்லையா என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டு நின்றாய். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது பேனையும் பேப்பருமாய் உட்கார்ந்ததற்கு முதற் காரணம் அந்த வெட்டாத முடிதான்.

நீயும் மருமகளும் ஹம்பேர்க்குக்குப் போய் ஐந்து நாளாகிறது. இன்று காலை நீ விட்டுவிட்டுப் போன உடுப்புகளைத் தோய்க்கலாம் என்று மெஷின் இருக்கிற கெல்லர் நிலவறைக்கு இறங்கினேன். உன் பழைய மண்ணிறக் காற்சட்டையும் அதற்குள் கிடந்தது. மெஷினுக்குள் போடுமுன் பையைத் தட்டிப் பார்த்தேன். நீ அவுஸ்பில்டுங் என்று தச்சுத் தொழில் பழகப் போன மூன்று வருஷமும் எனக்குப் பழகிப்போன வேலை இது. ஒருமுறை உன் பையிலிருந்த ஆணி ஒன்று மெஷினுக்குள் போய், அது கடகடவென்று கத்தி நின்றுவிட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். இன்றைக்கும் கையில் ஆணி தட்டுப்பட்டது. நாலு திருகாணி. நாலும் கறுப்பு. நாலின் தலையிலும் சிலுவைப் பள்ளம் தேய்ந்து வட்டக் குழியாகியிருந்தது. அதற்குக் குறுக்கே யாரோ இரும்பு வாளால் நேராய் ஒரு கோடு அறுத்திருந்தார்கள். இரண்டில், ஓட்டை மூடப் பூசுகிற வெள்ளைப் பட்டி இன்னமும் ஒட்டியிருந்தது. நான் கெல்லர்ப் படியில் அப்படியே குந்திவிட்டேன். அந்த நாலு ஆணியும் எங்கே இருந்தவை என்று எனக்குத் தெரியும். எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் ஒழுங்காய்ச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இந்தக் கெல்சென்கிர்ச்சன் ஊருக்கு வந்த புதிதில் இங்கே நடந்த கலியாணங்கள் உனக்கு ஞாபகம் இருக்காது. ஏதாவது ஒரு மண்டபத்தில் இரண்டு கதிரை, பின்னால் ஒரு சேலையைக் கட்டிவிட்டால் அதுதான் மணவறை. எனக்கு அதைப் பார்க்க வயிறு எரியும். ஒரு பெண்பிள்ளை தன் வாழ்நாளில் ஒருதரம் இருக்கிற இடம் அப்படியா இருக்கவேண்டும்? அதனால்தான் நானும் அப்பாவும் சொந்தமாக ஒன்று செய்தோம். மரச்சீவலை அழுத்திச் செய்த பலகையில் ஓரடி உயர மேடை, நாலு தூண், மேலே கூம்பு, எல்லாவற்றையும் சுற்றிப் பட்டும் சரிகையும். சனி விடியக் கொண்டுபோய்ப் பூட்டுவோம், ஞாயிறு கழற்றி வான் வண்டியில் ஏற்றி வருவோம். தைக்கிறது என் வேலை, வான் ஓடுகிறது அப்பாவின் வேலை. ஆணி பூட்டுகிறதும் என் வேலைதான், ஏனென்றால் அப்பாவுக்குப் பொறுமை என்பது கிடையாது.

ஆணி வாங்கப் போனதும் நான்தான். கட்டடச் சாமான் விற்கிற பௌமார்க்டில் ஒரு சுவர் முழுக்க ஆணி. எனக்கு அப்போது டொச் மொழி வாசிக்கத் தெரியாது, கேட்க வெட்கம். கண்ணுக்குப் பிடித்ததை எடுத்தேன்: கறுப்பாய், மெல்லியதாய், ஊசிபோலக் கூராய், பெரிய பெட்டி நிறைய. பெட்டியில் ஒரு மனிதர் சுவரில் பலகைமாதிரி எதையோ பூட்டிக்கொண்டிருந்தார். பலகை என்றால் பலகைதானே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து வைத்து அமத்தினால் துளை போடாமலே தானாக உள்ளே ஓடியது. நல்ல சாமான் என்று அப்பாவிடம் பெருமை வேறு பேசினேன். வாராவாரம் அதே ஓட்டையில் பூட்டிக் கழற்ற, பலகை உள்ளே உதிர்ந்து ஓட்டை பெருக்கும். அதற்கு நெருப்புக்குச்சியைப் பசையில் தோய்த்து அடைத்துவிட்டு மறுபடி பூட்டுவேன். மேலே பட்டைப் போட்டு மூடினால் எல்லாம் அழகுதான். கொலோன், பான் என்று ஊர் ஊராய் எத்தனை பேர் அந்த மணவறையைத் தடவிப் பார்த்துப் புகழ்ந்திருக்கிறார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

பிறகு நீ தச்சு வேலை படிக்கப்போகிறேன் என்றாய். உன் வாத்தியார் இன்னும் மேலே படிக்கலாம் என்று சொன்ன பிறகும் அதையே சொன்னாய். நான் அழுததும் உனக்குத் தெரியும், சொந்தக்காரருக்கு "எஞ்சினியரிங் பக்கம் ஏதோ படிக்கிறான்" என்று பொய் சொன்னதும் உனக்குத் தெரியும். இரண்டாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, வானில் சாமான் ஏற்ற வந்தாய். என் பெட்டியிலிருந்து ஒரு கறுத்த ஆணியை எடுத்துக் குறட்டால் பிடித்து வளைத்தாய். டிக் என்று முறிந்தது. பிறகு உன் பையிலிருந்து மஞ்சள் ஆணி ஒன்றை எடுத்து அதையும் வளைத்தாய். அது முழங்கைமாதிரி மடங்கியதே தவிர முறியவில்லை. இரண்டையும் குசினி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய்.

"அம்மா, இது சுவரிலை அட்டை பூட்டுற ஆணி. பக்கத்தாலை பாரம் வந்தா முறிஞ்சிடும். ஆக்கள் இருக்கிற மேடைக்கு இது ஏலாது" என்றாய். மெதுவாய்த்தான் சொன்னாய். அதற்கு நான் சொன்னதை இந்தக் கடிதத்தில் எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். "டொக்டருக்குப் படியெண்டு சொன்னன். நீ ஆணி படிச்சிட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கிறாய்" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ மணவறையைத் தொட்டதே இல்லை. நானும் உன்னைக் கூப்பிடவில்லை. ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு, சாப்பாடு, பள்ளிக்கூடம், பஸ் என்று எல்லாம் கதைப்போம், அந்த ஒன்றை மட்டும் கதைக்க மாட்டோம்.

இனி நீ அறியாதது. இரண்டு கிழமை கழித்துக் கொலோனில் ஒரு கலியாணம். பெண் கூறைச்சேலையை உடுத்துக்கொண்டு திரும்பி வந்து மேடையில் ஏறி இருக்கிறாள், ஐயர் தாலியை எல்லோரும் தொட்டுக் கும்பிடுவதற்குச் சபைக்கு அனுப்பியிருக்கிறார். அப்போது எனக்கு டிக் என்று கேட்டது. மேளச் சத்தத்துக்குள்ளும் கேட்டது. நம் குசினி மேசையில் கேட்ட அதே சத்தம். பெண்ணின் பக்கத்துப் பின்தூண் அடியில் ஆட்டங் கண்டு, கூம்பு ஒரு கையகலம் முன்னால் சரிந்தது. முன்னால் ஓமம் எரிகிறது, மேலே முழுக்கப் பட்டுத்துணி. எல்லாரையும் எழுப்பி இறக்கவேண்டும், அதுதான் புத்தியுள்ளவர்கள் செய்கிற வேலை. ஆனால் தாலி கட்டுகிற நேரத்தில் மணவறை சரிந்தது என்று பெயர் வந்தால் அந்தப் பிள்ளையைக் காலம் முழுக்க அதையே சொல்லிச் சாகடிப்பார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஒன்றும் கேட்காமல் பின்திரைக்குள் நுழைந்து அந்தத் தூணைத் தோளில் தாங்கினார்.

ஒன்றரை மணித்தியாலம், தம்பி. தாலி கட்டி, அக்கினியை மூன்று தரம் சுற்றி, அம்மி மிதித்து, அறுகரிசி போட்டு முடியும்வரைக்கும் உன் அப்பா திரைக்குப் பின்னால் தூணோடு தூணாய் நின்றார். ஆள் எங்கே என்று கேட்டவர்களுக்கு வானில் ஏதோ எடுக்கப் போனார் என்றேன். அந்தக் கலியாண வீடியோவில் திரைக்குக் கீழே ஒரு சோடி மண்ணிறச் சப்பாத்து கடைசிவரைக்கும் அசையாமல் தெரியும். பெண்ணின் தாய் பிறகு ஒருநாள், "யாரோ சப்பாத்தை அதிலை கழட்டி வைச்சிட்டாங்கள், வடிவு கெட்டுப்போச்சு" என்று என்னிடமே குறைப்பட்டாள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது அப்பா தோள் நோவில் ஒரு கையால் வானை ஓட்டிக்கொண்டு, "பெடியன் சொன்னது சரியப்பா" என்றார். நான், அவனுக்கு மட்டும் சொல்லாதேங்கோ என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். சொல்லியிருந்தால் நீ வந்து அரை மணித்தியாலத்தில் சரிசெய்திருப்பாய். அது எனக்குத் தெரியும். ஆனால் பெற்ற பிள்ளையிடம் நான் பிழை விட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஆத்திரத்தில் அந்தத் தூணை மேடையோடு பிடிக்கிற இரும்புப் பட்டத்துக்கு அதே கறுத்த ஆணியில் புதிதாய் நாலைப் போட்டு இறுக்கு இறுக்கென்று இறுக்கினேன். திருப்புளி வழுக்கி வழுக்கி நாலின் தலையும் தேய்ந்துபோனது. அவைதான் இந்த நாலும்.

அந்த மாரிகாலம் நீ வேலைக்குப் போன பிறகு உன் தொழிற்பள்ளிக் கொப்பியை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். களவாகத்தான். ஓர் ஆணிக்கு இத்தனை சங்கதி இருக்கிறதா என்று வாயைப் பிளந்தேன். சில ஆணியில் தலைக்குக் கீழே கொஞ்சத் தூரம் திருகுப் புரியே இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும். அது செலவை மிச்சம் பிடிக்க இல்லை, மேல்பலகை புரியில் மாட்டாமல் கீழ்ப்பலகையோடு இழுபட்டு ஒட்டவேண்டும் என்பதற்காக. முழுக்கப் புரி உள்ளதைப் போட்டால் இரண்டு பலகையையும் புரி பிடித்துக்கொண்டு நடுவில் நீக்கல் விடும். என் மேடை முழுக்க அந்த நீக்கல்தான். அதற்குள் பஞ்சு அடைத்தவள் நான். மேல்பலகையின் தடிப்பு ஒரு பங்கென்றால் கீழே இரண்டு பங்காவது ஆணி இறங்கவேண்டும். விளிம்புக்குக் கிட்டப் போடுவதென்றால் முதலில் மெல்லிய துளை போடவேண்டும், இல்லாவிட்டால் பலகை பிளக்கும். புரியில் கொஞ்சம் சவர்க்காரம் தடவினால் சிக்காமல் உள்ளே போகும். மெல்லிய பலகைக்குக் கூம்புத்தலை ஆணி போட்டால் தலையே பலகைக்குள்ளால் போய்விடும், அதற்குத் தட்டைத்தலை. சிலுவைத் தலையிலும் இரண்டு சாதி. ஒன்றில் சிலுவைக்கு நடுவே மெல்லிய நாலு கோடும் இருக்கும். ஒன்றின் திருப்புளியை மற்றதுக்குப் போட்டால் தலை தேயும். எனக்கு யார் சொன்னது?

ஒரு பக்கத்தில், அடிக்கடி கழற்றிப் பூட்டுகிற சாமானுக்கு மர ஆணியே போடக்கூடாது, பலகைக்குள் இரும்புக் குழாய் இறக்கி அதற்குள் போல்ட் பூட்டவேண்டும் என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். மற்றப்படி கொப்பி முழுக்க ஒரு கோடுதான். நீ யாரை நினைத்து அந்தக் கோட்டைப் போட்டாய் என்று எனக்கு விளங்கியது. அன்றைக்கே பேப்பரில் எழுதிக்கொண்டு பௌமார்க்டுக்குப் போய், வெட்கத்தை விட்டுக் கேட்டு வாங்கி வந்தேன். நீ வீட்டில் இல்லாத நேரமாய்ப் பார்த்து மணவறை முழுவதையும் மாற்றினேன். தூணைக் கழற்றுகிற இடமெல்லாம் போல்ட், மேடைக்கெல்லாம் தடித்த மஞ்சள் ஆணி. கொப்பி ஓரத்தில் நான் பென்சிலால் தமிழில் எழுதி வைத்ததை எல்லாம் அழித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். அந்த நாலு ஆணி மட்டும் அசையவில்லை. எந்தத் திருப்புளிக்கும் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் அவற்றுக்கு மேலே பட்டி பூசிப் பெயின்ற் அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு கலியாணத்திலும் உன் அப்பா அந்தத் தூணுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தார். களைப்பு என்று சொல்லுவார். ஆட்கள் நம்பினார்கள்.

இப்போது உன் கலியாணத்துக்கு வருகிறேன். பானில் இருக்கிற உன் மாமியார் வீட்டார், வேறு ஒருவரிடம் புது மணவறை எடுக்கலாம் என்றுதான் சொன்னார்கள். நான் விடவில்லை. இத்தனை பேரின் பிள்ளைகளை அதில் இருத்திவிட்டு என் பிள்ளையை வேறொன்றில் இருத்தினால் அதற்கு என்ன அர்த்தம்? சரியென்று எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது: மாப்பிள்ளையின் தகப்பன் சடங்கின்போது மணவறைக்கு முன்னால் இருக்கவேண்டும். அந்தத் தூணுக்குப் பின்னால் யார் இருப்பது? வேறொருவரை இருத்துவதென்றால் ஏனென்று சொல்லவேண்டும். நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது உன் பெண்சாதி இருக்கிற பக்கத்துத் தூண், தம்பி. ஒரு வீட்டுப் பிள்ளையை நம்பி அனுப்புகிறார்கள், நான் அவளை அந்தத் தூணுக்குக் கீழே இருத்துகிறேன். கலியாணத்துக்கு முந்தின கிழமை முழுக்க நான் ஒழுங்காய்ச் சாப்பிடாதது உனக்கே தெரியும். வேலைக் களைப்பு என்று எல்லாரும் நினைத்தீர்கள்.

மணவறையில் ஏறமுன் நீ என் காலில் விழுந்து எழும்பினாய். எழும்பும்போது என் காதுக்குக் கிட்ட வந்து, "அம்மா, கீழ பாக்காதேங்கோ, என்னைப் பாருங்கோ. ஒண்டும் விழாது" என்றாய்.

எனக்கு அது மாப்பிள்ளைக் குஷியில் சொன்ன சொல்லாகத்தான் பட்டது. நான் கீழேதான் பார்த்தேன். ஐயர் மந்திரம் சொன்னதும் கேட்கவில்லை, நீ தாலி கட்டினதும் காணவில்லை. தூணின் அடியையே பார்த்துக்கொண்டு, முருகா முருகா என்று நின்றேன். எல்லாம் முடிந்து நீங்கள் இருவரும் இறங்கின பிறகு எனக்கு வந்த மூச்சு, அது என் மூச்சா என்று இருந்தது. பெரிய நிம்மதி. ஆனால் தப்பிவிட்டோம் என்கிற நிம்மதிதான், அதற்குள்ளே ஒரு கள்ளம் இருந்தது.

இன்று கெல்லர்ப் படியால் எழும்பி, தோய்க்கிற வேலையைப் போட்டுவிட்டு, மணவறை வைத்திருக்கிற கராஜுக்குப் போனேன். மேடைத் துண்டைத் தனியே புரட்டினேன், இடுப்பு இன்னும் நோகிறது. பட்டத்தின் நாலு ஓட்டையிலும் நாலு புது ஆணி, நட்சத்திரத் தலையோடு, விரலால் தடவினால் தட்டுப்படாத மாதிரிச் சமனாக இறங்கியிருந்தன. பட்டித் தூளைக்கூடத் துடைத்திருந்தாய். இரண்டு மணித்தியாலம்! தேய்ந்த தலையில் வாளால் கோடு அறுத்து, தட்டைத் திருப்புளியால் ஒவ்வொன்றாய்க் கழற்றியிருக்கிறாய். உன் கலியாணத்துக்கு முதல்நாள். முடி வெட்டாமல். அந்தக் கராஜில் கொஞ்ச நேரம் அழுதேன். கவலையில் இல்லை. மூன்று வருஷமாய் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினால் எனக்கு அழுகைதான் வருகிறது, என்ன செய்ய.

கொப்பியை எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் விளங்கியது. பென்சிலை அழித்தாலும் அழுத்தி எழுதின தடம் தெரிகிறது, பின்தூணில் நாலு ஆணி கழறவில்லை என்று எழுதினதுகூட. ஹம்பேர்க்குக்கு மற்றக் கொப்பி புத்தகம் எல்லாவற்றையும் கொண்டுபோனவன் அதை மட்டும் குசினி அலுமாரிக்கு மேலே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். உனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

நீ ஆணி படித்ததைக் கேவலமாய்ச் சொன்னேன். அது பிழை, தம்பி. பெரிய பிழை. இதை நேரில் சொல்லியிருக்கவேண்டும், முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது என்பதால் எழுதுகிறேன். இனிமேல் சொந்தக்காரருக்கு, என் மகன் தச்சன், ஹம்பேர்க்கில் மாடிப்படி செய்கிற பட்டறையில் வேலை என்றுதான் சொல்வேன். உனக்கு ஒரேயொரு புத்தி மட்டும் சொல்லுகிறேன், மற்றதெல்லாம் உன் கொப்பியில் இருக்கிறது. நீயும் என்னை மாதிரித்தான்; பிழையைக் கண்டால் ஆளுக்குத் தெரியாமல் திருத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பாய். என்னோடு அப்படி இருந்தது போதும். மருமகளோடு அப்படி இருக்காதே. கோபித்தாலும் பரவாயில்லை, சொல்லு. அவள் உன்னைக் கோபித்தால் நீ கையைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போகாமல் அங்கேயே இரு.

வீடியோக் கசெற் நேற்றே வந்தது. எனக்குப் போட்டுப் பார்க்கப் பயமாய் இருந்தது. இன்று கராஜால் வந்து கைகழுவிவிட்டுத்தான் போட்டேன். நீ தாலி கட்டுகிறாய், சபை முழுக்க எழும்பிப் பூவும் அரிசியும் எறிகிறது. எல்லாருடைய முகமும் மேலே, ஒருத்தியின் தலை மட்டும் கீழே. கையில் அரிசியை இறுக்கிப் பொத்திக்கொண்டு, எறியாமல், தூணின் அடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நீ மூன்றாம் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, சபைக்குள் யாரையோ தேடுகிறாய். என்னைக் காண்கிறாய். அந்த முடிக்குக் கீழே சிரிக்கிறாய்.

அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தினேன். குசினிக்குப் போய் ஒரு பிடி அரிசி அள்ளிவந்து, உங்கள் இருவரின் மேலும் எறிந்தேன். டீவியில் பட்டு அறை முழுக்கச் சிதறியது. அப்பா பேப்பரை இறக்கி, "உமக்கென்ன விசரே?" என்று கேட்டார். நாலு ஆணியையும் அவருடைய கையில் கொடுத்தேன். அவர் கனநேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு எழும்பிக் குசினிக்குப் போய், அவரும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தார்.

உன் அம்மா